ஜஸ்டஸ் கிடக்கிற வீடு

இந்தப் பிள்ளைக்குச் சீனி கூடிப்போயிற்று, மரியாதைக்காகக் குடிக்கிறாள். நீங்கள் தேநீரில் முதல் மடக்குக் குடித்தபோது என் மனதில் ஓடியது இவ்வளவுதான். என்ன யோசிக்கிறீர்கள் என்று கேட்டீர்கள். ஒன்றுமில்லை என்றேன். சீனி விஷயத்தைப் போலீஸிடம் ஏன் சொல்ல வேண்டும்?

நீங்கள் சீருடை இல்லாமல் வந்தது நல்லது. செருப்பை வாசலில் கழற்றினீர்கள், "அடுக்களையிலேயே இருந்து பேசலாம் சேச்சி" என்றீர்கள். பிரசீதா என்று பேரையும் சொன்னீர்கள். உங்கள் அம்மா உங்களை நன்றாக வளர்த்திருக்கிறாள். முற்றத்தில் சிகரெட்டோடு உலாத்துகிறானே என் கொழுந்தன் மெல்பின், அவன் அப்படி வளரவில்லை. புகார் கொடுத்தவன் அவன்தான் என்றாலும் அவனுக்கும் ஒரு தேநீர் கொடுத்தனுப்பினேன். கிளாசைத் திண்டில் வைத்துவிட்டான். ஈ மொய்க்கிறது.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதல் என்றால் படகு.

இந்த வீடு என் அப்பா தந்தது. அவர் மஸ்கட்டில் மீன்பிடிக் கப்பலில் கிடந்து சம்பாதித்ததை எல்லாம் இந்தச் சுவர்களில் பூசிவிட்டு, கல்யாணத்தன்று ஆதாரப் பத்திரத்தை என் பேரில் எழுதிக் கையில் தந்தார். அதற்குப் பிறகு அவருக்குச் சட்டை வாங்கக்கூட காசிருக்கவில்லை. ஜஸ்டஸ் நல்ல மனிதர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். அவருக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம் உண்டு, நம்பிக்கை. பூவாரில் ஆறு கடலில் சேரும் இடத்தைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள், சொந்தப் படகு இருந்தால் போதும் என்றார்.

"ஜேனட்டே, இது கடன் இல்ல. முதலாக்கும்."

வீட்டை ஈடு வைக்க வங்கியில் நான் கையெழுத்துப் போடும்போது என் தோளில் கை வைத்திருந்தார். அன்பாகத்தான். கையெழுத்து முடியும் வரை அந்தக் கை எடுபடவில்லை.

பிறகு நோய்க்காலம் வந்தது. அது போனதும், ஊர் சுற்ற வருகிறவர்கள் கையிலும் காசில்லாத காலம் வந்தது. படகை வாடகைக்கு எடுத்த விடுதிக்காரர் கதவைச் சாத்திவிட்டு மகளோடு கனடாவுக்குப் போனார். படகுக்கு விடுமுறை கிடைத்தது. வட்டிக்குக் கிடைக்கவில்லை. ஓடாத படகின் கூரை மழையில் உளுத்துவிடக் கூடாது என்று தார்ப்பாய் கட்ட மேலே ஏறிய ஜஸ்டஸ், வழுக்கிப் படகுத்துறையின் கல்லில் விழுந்தார். இடுப்பெலும்பில் விரிசல்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உங்களுக்கும் தெரிந்ததுதான். நம் பக்கத்தில் நோயாளியிடம் யாரும் எதையும் சொல்வதில்லை. டாக்டர் வீட்டாரை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொல்வார். வீட்டார் முகத்தைச் சரிசெய்துகொண்டு உள்ளே போவார்கள். நோயாளி அந்த முகத்தைப் பார்த்துத் தன் நோயைத் தெரிந்துகொள்வார். என் அம்மா அப்படித்தான் தெரிந்துகொண்டாள், என் மாமனாரும் அப்படித்தான். இந்த வழக்கத்தை நான் கண்டுபிடிக்கவில்லை.

என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்ட டாக்டர் சின்னப் பையன். "ஒண்ணும் பயப்படாண்டாம். நரம்புக்குக் கேடில்லை. கொஞ்ச நாள் அசையாம கிடக்கட்டும். பிறகு நாம எழுப்பி நடத்தலாம்" என்றார். அசையாமல் கிடக்க வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அந்த வாரம்தான் ஜப்தி செய்ய வந்தார்கள்.

கோர்ட் அனுப்பிய வக்கீல் கமிஷனர், வங்கி மேனேஜர், பூட்டு மாற்றுகிறவர், கூட உங்கள் ஆட்கள் இரண்டு பேர். நான் சாவிக்கொத்தைக் கையிலேயே வைத்திருந்தேன். கொடுத்துவிடலாம் என்றுதான். அதற்குள் முற்றம் நிறைந்துவிட்டது. கோயில் திருவிழாவில்கூட ஒன்றாக நிற்காத இரண்டு கட்சிக் கொடிகள் என் வாழைக்கன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக நின்றன. ஒரு பையன் போனைத் தூக்கிப் பிடித்து ஊருக்கே நேரலையில் காட்டினான். எங்கள் வார்டு மெம்பர் கருணாகரன் அண்ணன் மேனேஜரின் மூக்குக்கு நேரே நின்றார்.

"சாரே, இது கிடப்பு ரோகி உள்ள வீடாக்கும். கட்டிலோட தூக்கி ரோட்டுல வைக்கப்போறீரா? ஒரு முனையை நீரு பிடியும், மறு முனையை நான் பிடிக்கேன். ஆளுவ பாக்கட்டு."

மேனேஜர் பிடிக்கவில்லை. பூட்டுக்காரர் பையை மூடிக்கொண்டு, "நான் இந்தக் கதவைத் தொட மாட்டேன், ஆட்டோ கூலியைத் தாரும்" என்று மேனேஜரிடமே கேட்டார். எல்லோரும் போன பிறகு கருணாகரன் அண்ணன் என் தலையில் கை வைத்து, "பயப்படாத பிள்ளே, இவன் கிடக்குற வரைக்கும் ஒருத்தனும் இந்த வாசலைச் சவிட்டி உள்ள வர மாட்டான்" என்றார்.

ஆறுதலாகத்தான் சொன்னார். நான் அதைத் தகவலாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் என்னை மறுபடி வராந்தாவுக்குக் கூப்பிட்டு, எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது, நாளையிலிருந்து பிடித்து நிறுத்துங்கள், பயிற்சிக்கு ஆள் வைத்தால் மழை முடியுமுன் நடந்துவிடுவார் என்றார். நன்றி சொன்னேன். ஜஸ்டஸை ஆட்டோவில் ஏற்றிச் சாய்த்து உட்கார வைத்தோம்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

நான் ஷாலை வாயில் பொத்திக்கொண்டு வெளியே பார்த்தேன். ஆட்டோப் புகை எனக்கு ஒத்துக்கொள்ளாது. அவர் மறுபடி கேட்கவில்லை. நெய்யாற்றின்கரை தாண்டியதும் மெதுவாக, "சரி" என்றார். நான் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. இதை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு என் வேலை எளிதாகிவிட்டது. பஞ்சாயத்திலிருந்து தண்ணீர் மெத்தை வந்தது. தேவாலயத்தில் அவருக்காக ஜெபித்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள், அதுவரை என்னைக் கண்டால் குடையைத் தாழ்த்திக்கொண்டு போனவர்கள், கிண்ணத்தில் கறி கொண்டுவந்தார்கள். ஏழையாக இருந்தபோது கிடைக்காத மரியாதை, ஏழைக்கு ஒரு நோயாளி சேர்ந்ததும் கிடைத்தது. காசு திரட்டித்தர வீடியோ எடுக்கிற ஒருவர் கொல்லத்திலிருந்து வந்தார். ஜஸ்டஸைக் கையைத் தூக்கச் சொன்னார். தூக்கியதும், "இவ்வளவு வேண்டாம் அண்ணா, பாதி போதும்" என்றார். பிறகு கேமரா முன்னால் நின்று அவரே அழுதார். முதல் தடவை வெளிச்சம் சரியில்லை என்று இன்னொரு தடவை அழுதார். இரண்டாவது நன்றாக வந்தது.

கிடத்திவைப்பது கொடுமை என்று மெல்பின் உங்களிடம் சொல்லியிருப்பான். நான் அவரைக் கட்டிப்போடவில்லை. கதவு திறந்தேதான் கிடந்தது. ஒரு மத்தியானம் சோறு எடுத்துக்கொண்டு போனேன், அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து ஒரு காலைத் தரையில் வைத்திருந்தார். முகம் வேர்த்திருந்தது. திருடி மாட்டிக்கொண்டவர் போல என்னைப் பார்த்தார். நான் தட்டை வைத்துவிட்டு, அந்தக் காலை இரண்டு கைகளாலும் தூக்கி, கைக்குழந்தையைத் தொட்டிலில் இடுவதுபோல மெத்தையில் வைத்தேன். என் கண் நிறைந்திருந்தது. அது நடிப்பில்லை. அவர்தான் என் தலையைத் தடவி, "அழாத பிள்ளே, இனி செய்ய மாட்டேன்" என்றார். இன்னொரு நாள், "பெருவிரல் அனங்குது, பாரு" என்றார். அசைந்ததுதான். நான் போர்வையை இழுத்து அதை மூடினேன்.

இப்படியே வங்கி இறங்கிவந்தது. ஊர் திரட்டியதை வாங்கிக்கொண்டு மிச்சத்தைத் தள்ளுபடி செய்தது. மேனேஜர் ஆதாரத்தை என் கையில் தருவதுபோல் படம் எடுத்தார்கள். அவரும் நானும் சிரித்துக்கொண்டு நிற்கிற அந்தப் படம் அவர்களுடைய கிளையில் மாட்டியிருக்கிறது.

அத்தோடு முடித்திருக்கலாமே என்றுதானே கேட்கிறீர்கள்? முடிக்கத்தான் இருந்தேன். அன்று சாயங்காலம் நெய்மீன் வாங்கி, தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தேன். சாப்பிட்டதும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். எந்த வார்த்தையில் தொடங்குவது என்றுகூடப் பார்த்துவைத்திருந்தேன். அவர் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தார். கண்ணில் ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சம் எனக்குப் பழக்கமானது.

"ஜேனட்டே, ஆதாரம் இப்ப கையில உண்டில்லியா."

"உண்டு."

"காலம் திரும்பிவருதாம். படகை வித்தாச்சு, போட்டும். சின்னதா ஒரு வள்ளம் எடுத்து எஞ்சின் வச்சா போரும். ஓட்டதுக்கு ஆளு வைக்கலாம். நான் கிடந்துகிட்டே பாத்துக்கிடுவேன். நீ ஒரு கையொப்பு மட்டும் போட்டா போரும்."

படுத்திருக்கும்போதே இவ்வளவு. எழுந்தால்? நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். பார்த்துவைத்திருந்த வார்த்தை பிறகு வெளியே வரவே இல்லை.

வீடு உங்கள் பேரில்தானே இருக்கிறது, மாட்டேன் என்றால் போதாதா என்கிறீர்கள். உங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை போலிருக்கிறது. நிற்கிற ஆணிடம் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வராது. சின்ன வயதிலிருந்தே வராது. கிடக்கிறவரிடம் சொல்ல வேண்டிய தேவையே வருவதில்லை. வங்கிவரை அவரால் போக முடியாது. தோளில் கை வைக்க அவருக்கு எட்டாது. கேட்டதை இரண்டு நாளில் மறந்துவிட்டு, மெத்தையைத் திருப்பிப் போடச் சொல்வார். இந்த இரண்டு வருஷம்போல நாங்கள் சண்டையில்லாமல் வாழ்ந்ததே இல்லை. வேண்டுமானால் அவரிடமே கேளுங்கள். என்னைப்போல் ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்பார்.

பிறகு மெல்பின் வெளியூர் வேலையிலிருந்து லீவில் வந்தான். வந்த அன்றே காலைப் பார்த்துவிட்டு, நெய்யாற்றின்கரையிலிருந்து ஸ்ரீஜித் என்று ஒரு பயிற்சிக்காரரைக் கூட்டிவந்தான். அவர் உள்ளங்காலில் சாவியால் கோடு கிழித்துப் பார்த்தார், முழங்காலைத் தட்டிப் பார்த்தார், பழைய படத்தைப் பார்த்தார். பிறகு மெல்பினை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். கவனித்தீர்களா, வராந்தாவுக்கு. மெல்பின் கருணாகரன் அண்ணனிடம் சொன்னான், அவர் வார்டில் சொன்னார், காசு கொடுத்தவர்களெல்லாம் கொதித்தார்கள், புகார் ஸ்டேஷனுக்கு வந்தது, நீங்கள் என் அடுக்களைக்கு வந்தீர்கள். ஊரில் இன்றைக்கு இது தெரியாத ஆள் ஒருவர்தான். அவர் அந்த அறையில் கிடக்கிறார்.

மெல்பின் சொல்லிப்பார்த்தான், இல்லை என்று சொல்லவில்லை. "அண்ணா, நீ நடப்ப. சத்தியமாட்டு நடப்ப" என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு சொன்னான். ஜஸ்டஸ் சிரித்தார்.

"எலே மக்கா, நீ நல்லவன். ஆனா உன் மைனி முகத்த நான் அன்னைக்கே பாத்தாச்சு."

உண்மையாகவே ஆட்டோப் புகையா என்று இப்போது கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இல்லை. ஆட்டோ அப்போது கிளம்பியிருக்கவில்லை. டிரைவர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். நல்ல காற்று வீசிக்கொண்டிருந்தது. நான் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் வாயைப் பொத்தினேன். எழுதிக்கொள்ளுங்கள். நான் செய்ததுதான். தெரிந்து செய்ததுதான். எந்தப் பிரிவில் போடுவது என்று உங்கள் சாருக்கே குழப்பம் என்றீர்களே, அதை நீங்கள் எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

உள்ளேயிருந்து கூப்பிடுகிறார், கேட்கிறதா?

"ஜேனட்டே, ஆரு வந்திருக்காவ?"

"தெரிஞ்ச பிள்ளையாக்கும். இப்ப வாறேன்."

நீங்கள் சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை. தசை வற்றிப்போயிருக்கிறது, ஆனால் இந்த மாதமே தொடங்கினால் இன்னும் எழுந்து நிற்க வழியுண்டு, தள்ளத் தள்ள அதுவும் போய்விடும் என்று ஸ்ரீஜித் சொன்னார். யார் சொன்னாலும் ஆறுதலுக்குச் சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்வார், நான் சொன்னால் மட்டுமே நம்புவார். அதனால் நான் அறைக்குள் போய், டாக்டர் அன்றே நடக்கலாம் என்று சொன்னார், நான்தான் மறைத்தேன் என்று ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். மெல்பின் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வான். நீங்கள் வந்த வழியே போவீர்கள். நியாயமாகத்தான் கேட்கிறீர்கள். கையைக்கூடப் பிடித்துக்கொண்டு கேட்கிறீர்கள்.

மாட்டேன் பிள்ளே. கோபத்தில் சொல்லவில்லை, உட்காருங்கள். அவருக்கு மனசு மிகவும் மெலிது. இத்தனை நாளும் வெறுமனே கிடந்தோம் என்று தெரிந்தால் தாங்குவாரா? ஒரு மனிதருக்கு அவ்வளவு பெரிய கொடுமையைச் செய்யும்படி என்னை யாரும் வளர்க்கவில்லை.