நடுத்தளத்தில் அறுத்த குழாய்

மேலே எழுதிய பெயரும் விலாசமும் என்னுடையவைதாம். வயது முப்பத்தெட்டு. கப்பல் பட்டறையில் ஃபிட்டர் வேலை. திருமணம் ஆகவில்லை. அக்கா வீட்டு மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறேன். இறந்துபோனவர் என் அக்காவின் கணவர். அதே பட்டறையில் எனக்கு மூத்த ஃபிட்டர்.

பழுதுக்கு வந்த போர்க்கப்பலில், சுக்கானைத் திருப்பும் ஹைட்ராலிக் சிலிண்டர்களைக் கழற்றிவிட்டு மின்மோட்டாரில் இயங்கும் கருவிகளைப் பொருத்தும் வேலை எங்கள் இருவருக்கும் கொடுக்கப்பட்டது. அத்தான் அடித்தளத்தில் சுக்கான் அறையில் இருப்பார். நான் மேலே சுக்கான் சக்கரத்தைத் திருப்பிப் பார்ப்பேன். இரும்புச் சுவர்களுக்குள் வாக்கிடாக்கி எடுக்காது. அதனால் சக்கரத்தடியிலிருந்து கீழே போகும் எண்ணெய்க் குழாயை அவர் ஸ்பேனரால் தட்டினால் நான் நிறுத்த வேண்டும், சத்தம் வராவிட்டால் திருப்பலாம் என்பது எங்கள் பழக்கம். வேலையில்லாத நேரத்திலும் தட்டுவார். பிறகு மேலே வந்து, "சும்மாதான் மாப்ள, ஆள் இருக்கியா போய்ட்டியான்னு பாத்தேன்" என்று சிரிப்பார்.

சம்பவத்தன்று காலை ஃபோர்மேன், "இனிமே எண்ணெய் எதுக்கு? அந்தப் பழைய பைப்பையெல்லாம் அறுத்துப் போடு" என்றார். நடுத்தளத்தில் அறுத்தேன். அப்போது அது எனக்கு எண்ணெய்க் குழாயாக மட்டுமே தெரிந்தது. எங்கள் பேச்சும் அதில்தான் போகிறது என்பது, பாவி, என் மண்டையில் ஏறவில்லை. அத்தான் கீழே மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அதன் பிறகு ஃபோர்மேன் மின்சாரம் கொடுத்துச் சோதிக்கச் சொன்னதால், நான் சக்கரத்தருகே போய்க் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. திருப்பினேன். பழைய சிலிண்டர் என்றால் பம்பு இரைந்து, முனகிக்கொண்டு மெதுவாக நகரும், ஆள் விலகிக்கொள்ளலாம். புதியது சட்டென்று திரும்பியது. அதன் பிறகு, மின்சாரம் கொடுத்த எலக்ட்ரீஷியன் கீழேயிருந்து கத்துவது கேட்டு ஓடினேன். அத்தான் சுக்கானின் இரும்புக் கைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தார். உயிர் இல்லை.

அவரை எடுத்துச் சென்ற பிறகும் நான் அங்கேயே நின்றேன். சுக்கான் அறையில் மிச்சமிருந்த குழாயில் ஸ்பேனர் பட்டுப் பெயின்ட் புதிதாகப் பெயர்ந்திருந்தது, ஓரிடத்தில் அல்ல. மோட்டாருக்குப் பின்னால் நுழைந்த ஆள் நினைத்தவுடன் வெளியே வர முடியாது. மோட்டாரில் விளக்கு எரிந்ததும் தட்ட ஆரம்பித்திருப்பார்.

அதன் பிறகு மருத்துவமனை வராந்தாவில் ஃபோர்மேன், "சத்தம் கேக்கலன்னு மட்டும் சொல்லு. அவரே சொல்லாம உள்ள பூந்துட்டாருன்னு முடிச்சுக்கலாம்" என்றார். கேட்கவில்லை என்பது பொய்யில்லை. அதனால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. மாடிப்படிக் கதவைத் தன் பக்கம் தாழிட்டுவிட்டாள். நேற்று மட்டும் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "அவர் கூப்பிட்டாரா இல்லையா, அதைச் சொல்லு" என்றாள்.

"கூப்பிட்டார்க்கா. நான்தான் குழாயை அறுத்துட்டேன்" என்றேன்.

அவள் அழுவது கேட்டது. கதவு திறக்கவில்லை. விடியும்வரை படியிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

அவர் எச்சரிக்காமல் உள்ளே நுழைந்தார் என்று எங்கும் எழுத வேண்டாம். இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. சாட்சியாக உடன் கையெழுத்துப் போட வீட்டிலிருந்து யாராவது வந்திருக்கிறார்களா என்று அதிகாரி கேட்டார். யாரும் வரவில்லை.

(கையொப்பம்)