இடது பக்கம் நின்னவன்

இல்லண்ணே, சீட்டு வசதியாத்தான் இருக்கு. என் ஒடம்புக்கு எந்த வண்டியில ஏறினாலும் முட்டி இடிக்கத்தான் செய்யும், நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க. அந்தப் பயலைப் பத்திக் கேட்டீங்கல்ல? கேப்பீங்க. இந்த நெப்ராஸ்காவுல பெட்ரோல் போடறவன்லேருந்து பாதிரியார் வரைக்கும் எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. புதுசா வந்தவன் எப்படிப்பா, உங்க ஃபுட்பால் டீம்ல எதிராளியைத் தடுக்கற வரிசை, அந்த டிஃபென்ஸ்ல ஒட்டிக்கிட்டானான்னு. ஒட்டிக்கிட்டாண்ணே. என்னைப் பிச்சு எறிஞ்சுட்டு அந்த எடத்துல நல்லா ஒட்டிக்கிட்டான்.

ஆமா, இன்னிக்குக் காலையிலதான். ரேடியோவுல நீங்க கேட்டது நெசந்தான். எங்க டீம்ல ஒருத்தனைத் தூக்கணும்னா, தூக்கிட்டோம்னு வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. ஆபீஸ்லேருந்து ஒருத்தர் வருவாரு. ராய்ஸ், கோச் கூப்பிடறாரு, வரும்போது ஆட்டப் புஸ்தகத்தையும் எடுத்துக்கிட்டு வாங்கம்பாரு. அம்புட்டுதான். எங்க ஆட்டத் திட்டமெல்லாம் அதுலதானே இருக்கு, அந்தப் புஸ்தகத்தைத் திருப்பி வாங்கறாங்கன்னா சோலி முடிஞ்சுதுன்னு அர்த்தம். ஒம்பது வருசத்துல எத்தனை பேரு அதைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு எம் முன்னாடி நடந்து போயிருக்கான். பாவம்னு நெனச்சுக்கிட்டே நான் பாட்டுக்கு முட்டையைத் தின்னுக்கிட்டு இருப்பேன். இன்னிக்கு நான் நடந்தேன், அவனுங்க தின்னானுங்க.

டெவிட்டான்னு பேரு. பெத்தவங்க டோங்கா தீவுக்காரங்க, இவன் பொறந்து வளந்ததெல்லாம் யூட்டா. ஜூலையில வந்து சேந்தான். புதுசா வர்றவன் சாப்பாட்டு ரூம்ல நாற்காலி மேல ஏறி அவன் காலேஜ் பாட்டைப் பாடணும், அது எங்க வழக்கம். மத்தவனுங்க வெக்கத்துல ரெண்டு வரி முணுமுணுத்துட்டு எறங்கிருவானுங்க. இவன் சர்ச்சுல பாடற மாதிரி கண்ணை மூடிக்கிட்டு கடைசி வரைக்கும் பாடினான். சமையக்காரம்மா அழுதுட்டாங்க. அப்பவே எனக்கு இவனைப் புடிக்காமப் போச்சு.

ஆள் கெட்டிக்காரன்தான், இல்லேங்கல. ஆனா காலேஜ்ல பந்து எங்க போகுதோ அங்கெல்லாம் பாஞ்சு பேரு வாங்கினவன். எங்க வரிசையில அது ஆகாது. கையைத் தரையில ஊனிக்கிட்டுக் குனிஞ்சு நிக்கிறோம்ல, ஆளுக்கு ஒரு சந்து. பந்து அடுத்த சந்துல போனாலும் உன் சந்தை விட்டு நீ நகரக் கூடாது. இவன் முதல் மாசம் முழுக்க ஓடினான். இவன் விட்டுட்டுப் போன எடத்துல எதிராளிங்க லாரி ஓட்டாத கொறைதான். வாசக் கதவைத் தொறந்து போட்டுட்டு தெருவுல திருடனைத் தேடறியாடான்னு கோச் கத்துவாரு. அப்பறம் புடிச்சுக்கிட்டான். ஒரு தடவை திட்டினா போதும், மறுநாள் அந்தத் தப்பு இருக்காது.

நானா? நான் நடுவுல. நடுவுல நிக்கிறவனுக்கு வேலையே அடி வாங்கறதுதான். முந்நூறு பவுண்டு ஆளுங்க ரெண்டு பேரு சேந்து எம்மேல விழணும். எங்களுக்குப் பின்னாடி வென்டெல் நிப்பான். பந்தோட வர்றவனைப் புடிக்கிறது அவன். அவங்க ஆளு ஒருத்தனும் என்னைத் தாண்டி வென்டெல்கிட்ட போகக் கூடாது, அதான் என் சோறு. இடது பக்கம் டெவிட்டா. ரெண்டு பேரை நான் தாங்கிட்டேன்னா இவனுக்கு மிச்சம் ஒத்தை ஆளுதானே, அவனை ஏமாத்திட்டுப் போயி அவங்க டீம்ல பந்து எறியறவனைக் கவுத்துப் போட்டுட்டு வந்துருவான். எட்டு ஆட்டத்துல ஏழு தடவை கவுத்தான். பேப்பர்ல போட்டோ அவனுக்கு, முட்டிக்கு ஐஸ் கட்டி எனக்கு. அதுக்கெல்லாம் நான் வருத்தப்படலண்ணே, தொழில்னா அப்படித்தான்.

வருத்தம் என்னன்னா, அம்புட்டு நெருக்கமா இருந்தோம். சனிக்கிழமையானா புதுசா வந்தவன்தான் எங்க எல்லாருக்கும் டோனட் வாங்கியாரணும். எனக்குப் புடிச்சதுல ரெண்டை எடுத்துத் தனியா ஒளிச்சு வச்சிருப்பான். ஆட்டத்துலயும் அப்படித்தான். எதிர்ல குனிஞ்சிருக்கறவன் கையில பாரம் கொடுக்காம லேசா ஊனியிருந்தான்னா, அவன் முட்ட மாட்டான், எங்களைத் தாண்டி நழுவிப் பின்னாடி வென்டெல்கிட்ட போகப் போறான்னு அர்த்தம். இடது பக்கத்து ஆளு அப்படிக் குனிஞ்சா டெவிட்டா என் தொடையில ஒரு தட்டு தட்டுவான். நான் அந்தப் பக்கம் கையை வீசி அமுக்கிருவேன். கோச்சுக்குத் தெரியாது, வென்டெலுக்கும் தெரியாது. எங்க ரெண்டு பேருக்குள்ள மட்டும். அப்படி இருந்தவன்தாண்ணே கோச்கிட்ட போயி என்னைப் போட்டுக் குடுத்தான். கூட நின்னே கழுத்தறுத்துட்டான்.

பெருசா ஒண்ணுமில்ல. போன ஞாயித்துக்கெழமை ஒரு சின்ன சங்கதி. அதை வச்சுக்கிட்டு செவ்வாக்கெழமை என் ரூமுக்கு வந்தான். உக்காருடான்னேன், உக்காரல. ராய்ஸண்ணே, வெள்ளிக்கெழமைக்குள்ள நீங்களே சொல்லிருங்க, இல்லேன்னா நான் சொல்லிருவேன், உங்களுக்காக நான் நிறையப் பொறுத்துட்டேங்கறான். வந்து நாலு மாசம் ஆகல, எனக்குக் கெடு வைக்கிறான். போடா, போயி டோனட் வாங்கிட்டு வான்னு சிரிச்சேன். வெள்ளிக்கெழமை சாயங்காலம் வரைக்கும் காத்திருந்திருக்கான், பாத்துக்கங்க. அப்பறம் நேரா கோச் ரூமுக்குப் போயிட்டான்.

என்ன சொன்னானா? எனக்கு இடது கண்ணு தெரியாதுன்னு சொன்னான்.

தெரியாதுதாண்ணே. போன வருசம் ஒரு அடி, அதுலேருந்து அந்தப் பக்கம் வெறும் பனி மூட்டம். டாக்டர்கிட்ட எப்படித் தப்பிச்சேனா? வருசா வருசம் அதே எழுத்து அட்டைதானே. மனப்பாடம் பண்ணிட்டேன், மேலேருந்து கீழ வரைக்கும், இப்பக்கூட ஒப்பிப்பேன். காரை வீட்டுலயே விட்டுட்டு உங்களை மாதிரி ஆளுங்களைக் கை காட்டறதும் அதனாலதான். எம் பொண்டாட்டிக்கே தெரியாது. இவன் ரெண்டாவது வாரமே கண்டுபுடிச்சுட்டான். ஒரு வார்த்தை கேக்கல. அன்னிலேருந்துதான் தொடையில தட்ட ஆரம்பிச்சான். அப்படித் தாங்கினவனே காட்டிக் குடுத்தா வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்க.

ஞாயித்துக்கெழமையா? டெவிட்டாவுக்கு ஹெல்மெட் வார் அறுந்துருச்சு. அதை மாத்த வெளிய போனான், பந்தை ஒரு தடவை எடுத்து ஆடற நேரந்தான். அவன் எடத்துல வேற ஒருத்தன் வந்து நின்னான். அவனுக்கு என்ன தெரியும், தட்டல. நான் எதிர்ல இருந்தவனை முட்டிக்கிட்டு நின்னேன். இடது பக்கமா அவங்க ஆளு ஒருத்தன் என்னைத் தாண்டிப் போயிருக்கான். எனக்கு சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு. திரும்பிப் பாத்தா வென்டெல் கெடக்கறான், முட்டிக்குக் கீழ காலு வேற பக்கம் திரும்பிக் கெடக்கு. எம் மகளுக்கு அவன்தாண்ணே ஞானத் தகப்பன்.

அந்தா, ஆஸ்பத்திரி போர்டு தெரியுதா? வாசல்லயே எறக்கி விட்டுருங்க. வென்டெலைப் பாக்கத்தான் வந்தேன். இனிமே ஆட முடியாதுன்னுட்டாங்களாம். என் கண்ணைப் பத்தி அவனுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது, யாரும் சொல்லல. டெவிட்டா தெனமும் வந்து பாத்துட்டுப் போறான், அவனும் சொல்லலியாம், அதை ராய்ஸ்தான் சொல்லணும்னு கோச்கிட்ட சொல்லிட்டானாம். நேத்து வென்டெல் போன் பண்ணினான். மாப்ள, அந்த ஆளு ஒன்னைத் தாண்டி எப்படிடா வந்தான், காலு வழுக்கிருச்சான்னு கேட்டான். ஆமாடா, வழுக்கிருச்சுன்னேன். சரி விடு, அதை நெனச்சுக்கிட்டே இருக்காத, ஒனக்கு அடி கிடி படலியேன்னு கேக்கறாண்ணே.