நடுவில் நிற்காத விமானம்

தூரம்தான் காரணம் என்று சொல்லாதீர்கள். அதை மட்டும் சொல்லாதீர்கள்... ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். சின்னக் கதைதான்.

சேலத்தில் எமீமாள் என்று ஓர் அக்கா. தங்கை கெத்சீயாள் கொச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஆலுவாவில் இருக்கிறாள். அப்பா இறந்த அன்று, ஏதோ பழைய கோபத்தில், அக்கா தங்கைக்குத் தகவலே சொல்லவில்லை. அடக்கம் முடிந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அப்புறம் ஏழு வருஷம்... பேச்சே இல்லை.

அக்கா மன்னிப்புக் கேட்க வேண்டும். அவ்வளவுதான். அதற்காக இரண்டு தடவை ரயில் ஏறினாள். முதல் தடவை ஈரோட்டில் இறங்கிவிட்டாள். அடுத்த தடவை பாலக்காடு வரை போனாள்... இறங்கினாள். எதிரே வந்த வண்டியில் வீடு திரும்பினாள்.

மகன் ரூபன் விமான டிக்கெட் போட்டான்.

"எதுக்குடா இது? ரயில்ல போக மாட்டேனா நான்?"

"போவ. ஈரோடு வரைக்கும்."

"வாய் ரொம்ப நீளுது உனக்கு."

"இதுல நடுவுல ஸ்டேஷன் கிடையாதும்மா. ஏறுனா கொச்சிதான்."

சின்ன விமானம். இருநூற்றைம்பது சொச்சம் கிலோமீட்டர். ஒரு மணி நேரம். மேலே போனதும், தங்கை முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற பழைய பயம் வந்துவிட்டது. பணிப்பெண்ணைக் கூப்பிட்டாள்.

"கண்ணு, இது கோயமுத்தூர்ல நிக்குமா?"

"நிக்காதும்மா. உடம்பு முடியலையா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சும்மா கேட்டேன்."

வேறு வழியில்லை. ஜன்னலைப் பார்த்தாள்.

கீழே காவிரி... ஒரு நூல். அதன் கரையில், அவள் இறங்கித் திரும்பிய ஊர். உள்ளங்கை அகலம். பிறகு மலை. ஒரு மேகத்தின் நிழல் மலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு, யாரையும் கேட்காமல், நகர்ந்துகொண்டிருந்தது. கேரள எல்லை எங்கே? தேடினாள். கோடு எதுவும் இல்லை. பச்சை மட்டும்... போய்க்கொண்டே இருந்தது. இவ்வளவுதானா? இதற்கா ஏழு வருஷம்? அவளுக்குக் கை குவிந்துவிட்டது.

பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார்:

"முதல் தடவையாங்க?"

"மூணாவது தடவைங்க."

அவருக்கு என்ன புரிந்திருக்கும்?

ஆனால் உங்களுக்குப் புரியும். நீங்களும் இப்படி ஏறி, பாதியில் இறங்கியிருக்கிறீர்கள். நானும்தான். ஒரு போன் நம்பரை எடுத்து, பாதி அழுத்தி, வைத்திருக்கிறோம். தெரு முனை வரை போய்த் திரும்பியிருக்கிறோம். அப்புறம், 'ரொம்ப தூரமுங்க' என்கிறோம். மேலேயிருந்து பார்க்கிறவருக்கு அந்தத் தூரம் எவ்வளவு? ஒரு ஜன்னல். மிச்சமெல்லாம் நாம் போட்டது. இறங்கிக்கொள்ள இங்கே ஓர் இடம், அங்கே ஓர் இடம்... வழி நெடுக வைத்தோம். அந்த இடங்களை விட்டுவிடுங்கள். பயம் போகட்டும், பிறகு கிளம்பலாம் என்று இருக்காதீர்கள். அது போகாது. கூடவே வரும். வரட்டும்.

எமீமாளுக்கும் போகவில்லை. ஆலுவாவில், தங்கை வீட்டு வாசலில், ஆட்டோக்காரர் காத்திருக்கவா என்று கேட்டார். வேண்டாம் என்று அவரை அனுப்பிவிட்டு, கதவைத் தட்டினாள்.