கரையான் என்று கத்தியவனின் நன்றியுரை

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் நூலகரே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! பின்வரிசையில் இருந்தாலும் முதலில் கைதட்டும் தாய்மார்களே! இந்நூலகத்துக்கு அலமாரிகள் செய்து தந்த தச்சரே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நிம்மதி, நண்பர்களே, நிம்மதி! அலமாரிகள் பிழைத்தன, ஒரு நல்லவரின் பெயர் பிழைத்தது.

போன வாரம் இதே மேடையில் என்ன முழங்கினேன்? "புத்தக அலமாரியில் புகுந்தது கரையான்! புழுத்த மரத்தைப் புகுத்தியவர் தச்சர்!" என்றேன். நீங்களும் கைதட்டினீர்கள். இல்லையென்று தலையாட்டாதீர்கள் அம்மா, நீங்கள்தான் அதிகம் தட்டினீர்கள்! அலமாரிகளைப் பெயர்த்தெறிய முடிவாயிற்று. பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு செய்யும் வேலையும் தச்சர் கையைவிட்டுப் போனது.

அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அண்ணே, கரையான்னா மண்ணு அப்பியிருக்கணுமே, மரம் அரிச்சிருக்கணுமே. எங்க இருக்கு, காட்டுங்க?"

காட்டினேனா? பேசினேன்! பேசும்போதே கழுத்தில் ஊர்ந்த பூச்சியைப் பட்டென்று அடித்து நசுக்கி, "இதோ சாட்சி!" என்றேன்.

இரண்டாம் நாள் கழுத்தில் கொப்புளம். விலங்கியல் ஆசிரியையான என் மைத்துனி பார்த்துவிட்டுச் சிரித்தாள். "மாமா, கரையானை நசுக்கினா கழுத்து வெந்து போகாது. இது குட்டைச் சிறகு வண்டு. விளக்கு வெளிச்சத்துக்கு வந்திருக்கு."

கரையான் எங்கே, இந்த வண்டு எங்கே? அது வெளிறியது, இது கறுப்பும் செம்மஞ்சளுமாய்ப் பட்டை போட்டது. அது வெளிச்சத்துக்கு அஞ்சி ஒளியும். இது விளக்கைத் தேடி வரும். அது கூட்டமாய் மரத்தைத் தின்னும். இது மரத்தைத் தொடாது, சின்னப் பூச்சிகளைத்தான் பிடித்துத் தின்னும். இதன் சிறகுமூடியோ, வளர்ந்த பிள்ளைக்குப் பழைய சட்டை மாட்டியதுபோல் பாதி முதுகோடு நின்றுவிடும்.

இத்தனை வேறுபாடும் என் கண்ணில் படவில்லையா? எப்படிப் படும்? நாலு பேர் கூடிவிட்டால் நான் கண்ணாடி போடமாட்டேன். போட்டால் வயது தெரிந்துவிடுமாம்! சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். அலமாரியை ஆராய வந்த அன்றும் கூட்டம் கூடியிருந்தது. கண்ணாடி பையிலேயே கிடந்தது; பலகையில் ஊர்ந்த இந்த வண்டுதான் எனக்குக் கரையானாய்த் தெரிந்தது.

கடப்பாரைகள் வாசலுக்கு வந்துவிட்ட காலையில், என் மைத்துனி ஒவ்வொரு பலகையையும் தட்டித் தட்டிப் பார்த்தாள். ஒரு துளை இல்லை. கடப்பாரைகள் திரும்பிப் போயின. பெஞ்சு வேலை தச்சரிடமே திரும்பி வந்தது. அப்பாடா என்று நான் விட்ட பெருமூச்சு தெருமுனைவரை கேட்டிருக்கும்!

தச்சரே, ஏன் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறீர்கள்? குனிய வேண்டியவன் நான். இதே மேடையில் உங்களைப் பழித்தேன். இதே மேடையில் மன்னிப்புக் கேட்கிறேன். இதோ, எல்லோரும் பார்க்கக் கண்ணாடியை அணிகிறேன்...

அடடா! நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறீர்கள் அல்லவா!

அந்தச் சிரிப்புக்கு நன்றி. என்னைப் பொறுத்துக்கொண்ட அவைக்கு நன்றி. முதன்முறையாக உங்கள் முகங்களைப் பார்த்துச் சொல்கிறேன், வணக்கம்!