பக்கத்து மெத்தைக்காரர்

— ஏங்க, கண்ணத் தொறங்க. என் தம்பி வீடு வந்து எவ்ளோ நேரமாவுது.

— தெரியும் காயத்ரி. மூச்ச கவனிச்சிக்கினு இருக்கேன்.

— மூச்சு எங்கயும் ஓடிப்போயிடாது. பத்தரைக்கு ராகுகாலம் பொறந்துடும். தட்ட எடுத்துக்கினு எறங்குங்க.

— நீ போயி பத்திரிக வெச்சிட்டு வா. நான் கார்லயே இருக்கேன். மனசால நானும் ஒன்கூட வர்றேன்.

— ஒங்க மனசு வந்து தட்டப் புடிக்குமா? தாய்மாமனுக்குப் பத்திரிக வெக்கறதுன்னா பொண்ணப் பெத்தவங்க ரெண்டு பேரும் சேந்து நின்னு தட்ட நீட்டணும். நான் ஒண்டியாப் போயி நின்னா, தம்பி பொண்டாட்டி என்னா கேப்பா? "எச்.எம். சாரு தெருமுனையிலேயே நின்னுட்டாரா அண்ணி?"ன்னு கேப்பா.

— தெருமுனை இல்ல, வாசல்லதான் இருக்காருன்னு சொல்லு. பொய் சொல்லக் கூடாது.

— திருப்பாதிரிப்புலியூர்ல கார் ஏறுனதுலேர்ந்து சிதம்பரம் வர்ற வரைக்கும் வாயத் தொறக்காம வந்தீங்க. மனசு எளகிட்டுதுன்னு நான் சந்தோஷப்பட்டுக்கினு வந்தேன்.

— எளகிட்டுதுதான். ஒன் தம்பி ராஜமாணிக்கத்து மேல எனக்குத் துளிகூட கோவம் இல்ல.

— அப்ப எறங்குங்க.

— கோவம் இல்லங்கறது வேற, எறங்கறது வேற.

— தெரியாமத்தான் கேக்கறேன். தெனம் காத்தால தியானம் முடிச்சிட்டு, "எல்லா உயிரும் நல்லா இருக்கணும்"னு கையக் கும்புட்டு சொல்றீங்களே. அந்தக் கணக்குல என் தம்பி வர்றானா, வரலியா?

— வர்றான். எல்லா உயிரும்னா எல்லா உயிரும்தான்.

— எந்த எடத்துல வர்றான்?

— பொதுவா வர்றான்.

— பேரு சொல்லி?

— பேரு சொல்லணும்னு கட்டாயம் இல்ல.

— எதுர்வீட்டு நாய்க்குப் பேரு சொன்னீங்களே. நான் காப்பி கொண்டாந்தப்ப என் காதால கேட்டேன்.

— அந்த நாய், நான் கட்டுன மாடிப்படியப் பத்தி நாலு பேர் முன்னாடி எதுவும் சொல்லல.

— வந்துட்டுது பாருங்க மாடிப்படி.

— நான் கொண்டாரல. அதுவா வந்துது. வர்றத வெறுமனே கவனிச்சா அதுவாப் போயிடும்.

— இத்தினி வருஷமாப் போவலியே.

— எப்புடிப் போவும்? கிரகப்பிரவேசத்தன்னிக்கு, பால் பொங்கி எறக்கறதுக்குள்ள, "மாமா, மாடிப்படியப் போயி ஈசான மூலையில வெச்சிட்டீங்களே, ஆவாதே"ங்கறான். என் ஸ்கூல் வாத்தியாருங்க பூரா நிக்கறாங்க. ஊருக்கே பாடம் சொல்லிக் குடுத்த எச்.எம்.முக்கு ஒரு படிய எங்க வெக்கறதுன்னு தெரியலன்னு ஆச்சா இல்லியா?

— அதுக்கு நீங்க என்னா சொன்னீங்க? "இனிமே இந்த வீட்டுல ஒன் கால் படக்கூடாது"ன்னீங்க. புள்ள எலையில ஒக்காராமயே பஸ் ஏறிப் போயிட்டான். மறு வருஷம் நீங்களே கொத்தனாரக் கூட்டியாந்து அந்தப் படிய இடிச்சி வேற மூலைக்கு மாத்துனீங்க.

— அது எனக்கு முட்டி வலின்னு மாத்துனது.

— முட்டி வலிக்கு மூலைய மாத்தச் சொன்ன டாக்டர் யாருங்க?

— பேச்சு வளந்தா மனசு அலையும் காயத்ரி.

— அலையட்டும். கரப்பான் பூச்சியப் பேப்பர்ல ஏந்திக்கினு போயி தோட்டத்துல உடறீங்க. கொசுவ அடிச்சா பாவம்னு என்னக் கடிக்க உடறீங்க. என் கூடப் பொறந்தவன நான் போன்ல மட்டுந்தான் பாத்துக்கினு கெடக்கறேன். அது பாவம் இல்லியா?

— நான் ஒன்ன எப்பவும் போவக்கூடாதுன்னு சொன்னதில்லியே.

— சொல்லல. நான் ஒவ்வொரு தடவ கெளம்பறப்பவும் சாப்புடாம படுத்தீங்க. சரி, என்ன உடுங்க. இளமதி என்னா சொன்னா? பட்டுப்பொடவ இந்தக் கலர் வேணும்னு கேட்டாளா? மண்டபம் பெருசா வேணும்னு கேட்டாளா? "மாமா வந்து என் நெத்தியில பட்டம் கட்டணும்மா, இல்லன்னா நான் மணமேடை ஏற மாட்டேன்"னா. அது ஒண்ணுதான் கேட்டா. டிக்கி நெறையப் பத்திரிக கெடக்குது. பாடலீஸ்வரர் பாதத்துல வெச்சாச்சு. அடுத்தது தாய்மாமன். அவனுக்கு வெக்காம வேற யாரு வீட்டுப் படியும் ஏற முடியாது. பொண்ணு அழுவறதையும் வெறுமனே கவனிச்சிக்கினு இருக்கப் போறீங்களா?

— அவ அழுதா எனக்கு வலிக்கலன்னு நெனைக்கறியா?

— பின்ன என்னாதான் தடுக்குது?

— பயமா இருக்குது.

— என் தம்பியப் பாத்தா?

— என்னப் பாத்துதான். எதுர்ல அவன் வந்து நின்னு, "வாங்க மாமா"ன்னு ஒரு தினுசா சிரிச்சான்னா, பழைய உத்திராபதி எழுந்து வந்துடுவான். தியான முகாம்ல கஷ்டப்பட்டு சேத்ததெல்லாம் ஒரு நொடியில கொட்டிப்போவும். அங்க யாரும் யார்கிட்டயும் பேசக்கூடாது. அதனாலதான் நான் அங்க நல்லவனா இருந்தேன். இது எனக்குத் தெரியும் காயத்ரி. வெளிய சொல்ல வெக்கமா இருக்குது.

— அழுவாதீங்க. இந்தாங்க, முந்தானையில தொடைங்க. அப்புடி என்னாதான் நடந்துது அங்க? வந்ததுலேர்ந்து நானும் கேக்கறேன், சிரிச்சி மழுப்பறீங்க.

— ஒன்கிட்ட ஒண்ணு மறச்சிட்டேன். நடுவுல எனக்கு நல்ல ஜுரம் வந்துட்டுது.

— ஜுரமா? சொல்லவே இல்லியே.

— யார்கிட்டயும் சொல்லல. சொன்னா அடுத்த தடவ உட மாட்ட. ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. வாயத் தொறந்து கேக்கவும் கூடாது. அப்ப பக்கத்து மெத்தையில ஒக்காந்து தியானம் பண்ற ஒருத்தரு, தன் போர்வைய எடுத்து எனக்குப் போத்துனாரு. சாப்பாட்டுக் கூடத்துலேர்ந்து கஞ்சி வாங்கியாந்து பக்கத்துல வெச்சாரு. குடிச்சி முடிச்சதும் தட்ட எடுத்துக்கினு போயி கழுவியாந்தாரு. என் எச்சித் தட்டு காயத்ரி. ஜுரம் உடற வரைக்கும் செஞ்சாரு.

— மவராசன். யாருங்க அவரு, எந்த ஊரு?

— தெரியாது. நிமிந்து யாரையும் பாக்கக் கூடாதுன்னு அங்க சட்டம். நம்மளுக்கு சட்டம்னா சட்டந்தான? மொட்டத் தல, இருமலுக்கு மாஸ்க்கு, மேல ஒரு துண்டு. ஓரக்கண்ணுல அவ்ளோதான் தெரிஞ்சுது. மத்தபடி அவரு கால்தான் எனக்குப் பழக்கம். வலது கட்டவெரல்ல நகம் பாதி இல்லாத கால். இப்பக் கண்ண மூடுனாலும் தெரியுது.

— கடேசி நாளு பேசலாம்னு உடுவாங்களாமே?

— உட்டாங்க. மொதல்ல அவரத் தேடித்தான் ஓடுனேன். மெத்த காலி. விடியறதுக்கு முன்னாடியே கெளம்பிட்டாருன்னாங்க. தெனம் காத்தால எல்லா உயிரும்னு சொல்றப்ப, மொதல்ல அந்தக் கால நெனச்சிக்கினுதான் ஆரம்பிக்கறேன்.

— நல்லவேள அவரு போயிட்டாரு. இருந்து பேசியிருந்தா, எந்த மூலையப் பத்தியாவது ஒரு வார்த்த சொல்லியிருப்பாரு. நீங்களும் மூஞ்சத் திருப்பிக்கினு வந்திருப்பீங்க.

— சீ, அவரு அந்த மாதிரி ஆளே இல்ல. அவர மாதிரி ஒரு மச்சான் எனக்கு வாச்சிருந்தா நான் ஏன் இந்த வெயில்ல கார்க்குள்ள ஒக்காந்திருக்கப் போறேன்?

— ஏங்க, கேட்டு தொறக்கற சத்தம் கேக்குது. தம்பிதான். கார் நிக்கறதப் பாத்துட்டான் போலருக்கு.

— ஐயோ.

— கேளுங்க. எனக்காக வேணாம், இளமதிக்காக. அவன் மூஞ்சப் பாக்க வேணாம், ஒரு வார்த்த பேச வேணாம். முகாம்ல இருந்த மாதிரியே தலையக் குனிஞ்சிக்கினு வந்து நில்லுங்க. தட்ட மட்டும் புடிங்க, பேசறத நான் பாத்துக்கறேன். இதுகூட முடியலன்னா அப்பறம் என்னாத்துக்கு அந்தத் தியானம்?

— சரி, கதவத் தொற. தட்டக் குடு. ஆனா நான் நிமிர மாட்டேன்.

— நிமிர வேணாம். செருப்பக் கழட்டிட்டு வாங்க, படி இருக்குது. இப்புடி நில்லுங்க, கெழக்கப் பாத்து. தம்பி, நம்ம இளமதிக்குக் கல்யாணம். தாய்மாமனா நின்னு நீதான் நடத்திக் குடுக்கணும். ஏங்க, என்னாங்க, அவன் காலையே பாத்துக்கினு தட்டச் சாய்க்கறீங்க? கெட்டியாப் புடிங்க, தேங்கா உருளப் போவுது.

— நான் புடிச்சிக்கறேன்க்கா. உள்ள வாங்க மாமா. அப்பறம் ஜுரம் திரும்ப வரலியே?