ஏழு கட்டை

மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பில் பிள்ளைகளுக்கு முதலில் வருவது ஏப்பம். பிறகுதான் பாட்டு. ஒருவன் ஏப்பம் விட்டால் முப்பது பேரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்த தொண்டை நன்றாகத் திறந்திருக்கும். அப்போது சுருதிப் பெட்டியைப் போடுவேன். மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய அரசுத் தொடக்கப் பள்ளியில் நான் பாட்டு ஆசிரியர். வாரத்துக்கு மூன்று அரை நாள்.

ஐந்தாம் வகுப்பில் மேரிசெல்வி இருந்தாள். அவள் குரலைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஐந்து கட்டைச் சுருதியில் அது அலுங்காமல் நிற்கும். அவள் பாடினால் தலைமையாசிரியை வினோதினி கணக்குப் பாடத்தைப் பாதியில் விட்டு ஜன்னலுக்கு வந்துவிடுவார். பாத்தியில் உப்பு வாரும் பெண்கள் பலகையை ஊன்றிக்கொண்டு நிற்பார்கள்.

அவளுடைய அப்பா சகாயராஜ் குட்டியானை வண்டியில் உப்பு மூட்டை ஏற்றுபவர். "அவ ஒரு பாட்டு பாடினாத்தான் சார் எனக்கு சோறு எறங்குது" என்பார்.

அவரை எனக்கு முன்பே தெரியும். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு விடியற்காலை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கார் எங்கள் பைக்கை இடித்துவிட்டு நிற்காமல் போனது. நான் சாலை ஓரத்தில் விழுந்தேன். என் மனைவி ரேணுகா முள்புதருக்கு அப்பால் விழுந்தாள். அந்த வழியாக வந்த சகாயராஜ் என்னைத் தூக்கி மூட்டைகளின் மேல் கிடத்தி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ரேணுகாவை ஒரு மணி நேரம் கழித்துத்தான் யாரோ பார்த்தார்கள். அரை மணி முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

"சத்தம் கேட்ட பக்கம் ஓடினேன் சார். அவங்க சத்தமே போடலையே" என்று சகாயராஜ் பிறகு சொன்னார். அவர் அழுதார். நான் அழவில்லை. அவர் சத்தத்தைக் கேட்டு வந்தவர் என்பது மட்டும் மனதில் நின்றது.

ஜூலை மாதம் தொடங்கினேன். சுருதிப் பெட்டியில் சின்னத் திருகு ஒன்று உண்டு. மாதத்துக்கு ஒரு முறை அரைக் கட்டை ஏற்றினேன். அவ்வளவுதான்.

"சார், பொட்டி இன்னிக்கு என்னா இப்டி கத்துது?" என்று மேரிசெல்வி ஒரு நாள் கேட்டாள்.

"ஏய், பொட்டிக்கும் இன்னிக்கு முட்டை போட்டாங்கடி" என்றான் பிரபு.

வகுப்பே உருண்டு சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே புதிய சுருதியில் சேர்ந்துவிட்டாள். நல்ல மாணவி.

உயரமாகப் பாடினால் ஊருக்குப் பிடிக்கிறது. ஒன்றிய அளவுப் போட்டியில் ஆறரைக் கட்டையில் பாடி முதல் பரிசு வாங்கினாள். சகாயராஜ் வண்டியில் பலூன் கட்டினார். சாலை நடுவில் ஆடினார். தலைமையாசிரியை விசில் அடித்தார். அவருக்கு விசில் தெரியும் என்பதே அன்றுதான் தெரிந்தது. பிள்ளைகளை வண்டியில் ஏற்றி, கடல்காற்றை எதிர்த்துக் கத்திப் பாட வைத்தேன். மேரிசெல்வி முன்னால் நின்று எல்லோரையும் விடச் சத்தமாகப் பாடினாள். எனக்கும் லேசாகத் தலை சுற்றியது. சந்தோஷம் இப்படித்தான் இருக்கும் என்று நினைவு வந்தது.

அக்டோபரில் அவளுக்குச் சளி பிடித்தது.

"முள்ளு மாதிரி குத்துது சார்."

"மாவட்டம் முடியட்டும்மா, சரியாப் போயிடும்" என்று பெப்பர்மின்ட் கொடுத்தேன். அது வலியை மறைக்கும். திருகை ஏழில் வைத்தேன்.

விழுப்புரத்தில் அவள் மேல் ஸ்வரத்தைத் தொட்டதும் மண்டபமே எழுந்து கை தட்டியது. அடுத்த வரிக்கு வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. அவளுக்கே அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும், சிரித்தாள். சிரிப்பிலும் சத்தம் இல்லை. கூட்டம் இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தது.

குரல் நாணில் ரத்தம் கசிந்து வடுவாகிவிட்டது என்றார்கள். பேச்சு கரகரப்பாக வரும், பாட்டு வராது.

நான் அவளை ஒரு நாளும் அடித்ததில்லை, திட்டியதில்லை. பாடச் சொன்னேன், பாராட்டினேன். சத்தத்தை மட்டும் நம்பிய மனிதருக்குச் சத்தமில்லாத வீடு எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். அதில் ஒரு நியாயம் இருப்பதாகவே இன்றும் நினைக்கிறேன்.

போன வாரம் சகாயராஜ் பள்ளிக்கு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் மேரிசெல்வி நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"எவ்ளோ பாடுபட்டீங்க சார் இவளுக்காக. எல்லாம் எனக்கு வந்த தண்டனை."

"உங்களுக்கு என்னங்க தண்டனை?"

"அன்னிக்கி வண்டியில ஏத்தறப்ப, கூட யாராச்சும் வந்தாங்களான்னு கேட்டேன் சார். யாரும் இல்லன்னீங்க. மயக்கத்துல உளர்றாருன்னு எனக்குத் தோணியிருக்கணும். ஒரு எட்டு போய்ப் பாத்திருக்கணும். என் தப்பு சார்."

பரவாயில்லை என்றேன்.

எனக்கு மயக்கம் எதுவும் இருக்கவில்லை. கால் மிகவும் வலித்தது. ரேணுகா விழுந்த இடம் தெரியும். தேடப் போனால் நேரமாகிவிடும் என்று பட்டது. யாரும் இல்லை, வண்டியை எடுங்க என்று தெளிவாகத்தான் சொன்னேன்.