அரைமறதிக்குச் சட்டமில்லை

முதியவர்களைச் சந்திக்கக் காலை வேளையே உகந்தது. சிற்றுண்டி முடிந்து வெயில் ஏறுவதற்குள் பேசிவிட வேண்டும். மறதிநோய் புகுந்த குடும்பங்களுக்காக வழக்காடும் எனக்குத் தொழில் கற்றுத்தந்த பாடம் இது. அல்சூரில் ஜோசஃபின் ஆன்ட்டியை முதன்முதலாகச் சந்தித்ததும் ஒரு காலையில்தான்.

அவருடைய மகள் குளோரியா என்னை அழைத்திருந்தாள். தாயைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டவள். தாய் அடுப்பில் கேஸைத் திறந்துவிட்டு மறந்துபோன நாளிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை. பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க வேண்டும். அந்தச் செலவுக்கு வீட்டை விற்க வேண்டும். வீடோ தாயின் பெயரில்.

"பவர் எழுதிக் குடுத்துடுங்க ஆன்ட்டி, குளோரியா பாத்துக்குவா" என்றேன்.

"எதுக்கு, உசுரோட இருக்கறப்பவே என்னை பேக் பண்ணவா?" என்று சிரித்தார். "மறதி இருக்கு லாயிட்டு, இல்லேங்கல. ஆனா இது நான் கட்டின வீடு. குடுக்க மாட்டேன். டீயக் குடிச்சிட்டுக் கிளம்பு."

தெளிவான பதில்; என் பெயரைக்கூட மறக்கவில்லை. என் சினம் அங்கேதான் பிறந்தது; ஆன்ட்டியின் மீதல்ல, சட்டத்தின் மீது. அறிவு தெளிந்தவர் மறுத்தால் அந்த மறுப்பே இறுதி. அறிவு முற்றிலும் அழிந்துவிட்டால் உயர் நீதிமன்றம் மகளைக் காப்பாளராக்கும். இரண்டுக்கும் நடுவே நிற்பவருக்கும், அவர் அருகே விழித்துக் கிடக்கும் மகளுக்கும் சட்டம் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. இன்னும் கெடட்டும், பிறகு வாருங்கள் என்பதே அதன் அறிவுரை. அதற்குள் மகள் என்ன ஆவாள் என்று எந்த நீதிபதியும் கேட்டதில்லை. நான் காத்திருக்க மறுத்தேன். இந்த விசாரணையில் நீங்கள் குற்றம் என்பது அதைத்தான்.

மனுத் தாக்கல் செய்தேன். ஆன்ட்டியை வீட்டிலேயே பரிசோதிக்க இரண்டு மருத்துவர்களையும் ஓர் அலுவலரையும் நீதிமன்றம் அனுப்பியது. மாலை நேரமாகக் கேட்டு வாங்கினேன். பொழுது சாயும்போது அவருக்குக் குழப்பம் கூடும். அன்று மதியம் குளோரியா மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். ஆன்ட்டி கண்ணயர்ந்திருந்தார். அவருடைய மூக்குக் கண்ணாடியையும் காது மெஷினையும் எடுத்து என் பைக்குள் வைத்தேன்.

"ஊட்டா ஆயித்தாம்மா?" என்று, சாப்பாடு ஆனதா எனக் கன்னடத்தில் கேட்டார் மூத்த மருத்துவர்.

"யாருப்பா அது, கேபிள்காரனா?" என்றார் ஆன்ட்டி.

கடிகாரம் ஒன்று வரையச் சொன்னார்கள். அவர் அதைத் தாளுக்கு வெளியே, மேசையின் மீது வரைந்தார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஆன்ட்டி என் பக்கம் திரும்பினார். மதியம் அவர் முழுவதும் உறங்கியிருக்கவில்லை போலும்.

"லாயிட்டு, என் கண்ணாடிய நீதானே எடுத்தே? காது மெஷினும் உன் பையிலதான் இருக்கு. குளோரியா, அவன் பையத் தொறந்து பாருடி."

"மம்மி, மானத்த வாங்காதீங்க" என்று குளோரியா அழுதாள்.

மருத்துவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கனிவோடு தலையசைத்தார்கள். பொருளை யாரோ திருடிவிட்டார்கள் என்ற சந்தேகம் இந்நோயில் அடிக்கடி காணும் அறிகுறி. அதையும் குறித்துக்கொண்டார்கள்.

"ஒரே ஒரு தடவ பாருங்களேன்" என்று ஆன்ட்டி கெஞ்சினார். பை என் மடியில் இருந்தது.

வீட்டை விற்றாயிற்று. இப்போது சந்தாபுராவுக்கு அப்பால் ஓர் இல்லத்தில் இருக்கிறார், தூய்மையான இடம். புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம், அணிவதில்லை. பேச்சையும் நிறுத்திவிட்டார். நோய் முற்றிவிட்டது என்கிறார்கள். என் மனுவில் நான் எழுதியதும் அதுதான்.

ஆம், நான்தான் எடுத்தேன். ஆனால் என் கோபம் இன்னும் தணியவில்லை. அந்த அறையில் படித்த மருத்துவர்கள் இருந்தார்கள், நீதிமன்ற அலுவலர் இருந்தார், பெற்ற மகள் இருந்தாள். ஆன்ட்டி உண்மையைத்தான் சொன்னார், தமிழில், உரக்க, திரும்பத் திரும்ப. ஒருவராவது எழுந்து வந்து அந்தப் பையைத் திறந்திருந்தால் இந்தக் குற்றம் நடந்தே இருக்காது. என்னை இந்த விசாரணைக்கு அழைப்பதற்கு முன் நீங்கள் அவர்களை அல்லவா விசாரித்திருக்க வேண்டும்.